அளக்கும் கருவியை அளந்தறிவோம்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கையில் ஏடும் எழுதுகோலும் கொடுத்து வளர்த்த கழகம் இது. இதன் வெள்ளிவிழாவில், இரத்தத்தில் உள்ள சர்க்கரையை அளக்கும் ஆய்வுக்கூடக் கருவியைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். விழா மேடைக்கு இது ஏற்ற பொருளா என்று சிலர் ஐயுறக்கூடும். ஏற்ற பொருளே என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அந்நோய் இன்று பணக்காரர் வீட்டோடு நிற்கவில்லை. கூலி வேலைக்குச் செல்வோர் வீட்டிலும் புகுந்துவிட்டது என்பது ஒன்று. மருத்துவ ஆய்வுக்கூட நுட்பவியல் நம் இளைஞர்கள் விரும்பிச் சேரும் படிப்பாக இருக்கின்றது என்பது மற்றொன்று. சோதிக்கப்படுபவரும் நம்மவர், சோதிப்பவரும் நம்மவர். ஆகவே இக்கருவியின் தன்மையை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023ஆம் ஆண்டு வெளியாயின. இந்தியாவில் வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேருக்கு, நீரிழிவு நோய் உள்ளது என்று அவ்வாய்வு கணக்கிட்டது. நோயின் வாயிலில் நிற்போர் இன்னும் 13 கோடியே 60 இலட்சம் பேர். அண்ணல் அம்பேத்கர் அவர்களும் தம் இறுதி ஆண்டுகளில் இந்நோயால் பெரிதும் வருந்தினார்; அவருடைய கண்பார்வையும் குன்றியது என்பதை அவர் வரலாறு கற்றோர் அறிவர்.

முத்திரையிட்ட தராசு

உளுந்தூர்பேட்டைச் சுற்றுவட்டாரத்து உழவர்க்குத் தராசு புதிதன்று. உளுந்து மூட்டையையோ மணிலா மூட்டையையோ எடை போடும்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதோடு நாம் நிறுத்திக்கொள்வதில்லை. தராசுக்கு அரசு முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்கிறோம். வெறுந்தட்டில் முள் நடுவில் நிற்கிறதா என்றும் பார்க்கிறோம். ஐயம் வந்தால் அதே மூட்டையை இறக்கி மீண்டும் ஏற்றச் சொல்கிறோம். வேறொரு தராசில் போட்டும் ஒப்பிடுகிறோம். எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டனார் கூட இந்த நான்கையும் செய்தார். ஏனெனில் எடையில் ஏமாந்தால் ஓராண்டு உழைப்பு போய்விடும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆனால் நம் உடலிலிருந்து எடுத்த இரத்தத்தை அளக்கும் தராசிடம் நாம் எதையும் கேட்பதில்லை. கண்ணாடித் திரையில் ஓர் எண் ஒளிர்கிறது. அதைத் தாளில் அச்சிட்டுத் தருகிறார்கள். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்கிறோம். எண்ணைக் காட்டிவிடுவதாலேயே கருவி உண்மை பேசிவிட்டது ஆகாது. சோதித்தறியப்பட்ட கருவியின் எண்ணுக்கே மதிப்பு உண்டு. நான் இன்று கூற வந்த செய்தி இதுவே. ஏனையவை இதன் விளக்கம்.

கருவி எவ்வாறு அளக்கிறது?

நம் பகுதியின் சிறிய ஆய்வுக்கூடங்கள் பெரும்பாலானவற்றில் கையாளப்படும் முறை எளிதானது. குளுக்கோசு ஆக்சிடேசு என்னும் நொதி, இரத்தத் தெளிநீரில் உள்ள குளுக்கோசை உயிர்வளியோடு சேர்த்து மாற்றுகிறது. அப்போது ஹைடிரசன் பெராக்சைடு உண்டாகிறது. பெராக்சிடேசு என்னும் இரண்டாவது நொதி அதனைக் கொண்டு ஒரு வேதிப்பொருளை இளஞ்சிவப்பாக்குகிறது. சர்க்கரை மிகுந்தால் நிறமும் மிகும். அந்நிறத்தின் ஊடே 505 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியைச் செலுத்தி, எவ்வளவு ஒளி உறிஞ்சப்பட்டது என்று கருவி கணக்கிடுகிறது. பெரிய ஆய்வுக்கூடங்களில் ஹெக்சோகைனேசு என்னும் வேறொரு நொதி முறை வழங்குகிறது.

இன்னொரு வழியும் உண்டு. 1962இல் அமெரிக்க அறிஞர் லேலண்டு கிளார்க்கும் அவர் தோழர் லயன்சும் நொதியை மின்முனையின்மேல் பொருத்தி அளக்கும் வழியைக் கண்டனர். யெல்லோ ஸ்பிரிங்ஸ் நிறுவனம் 1970களில் வெளியிட்ட சர்க்கரைப் பகுப்புக் கருவி அக்கருத்தில் எழுந்ததே. வீட்டில் விரல்நுனியைக் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டர்கள் பலவும் அதே மரபின் வழித்தோன்றல்களே.

எந்த முறையானாலும் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். கருவி சர்க்கரையை நேராகக் காண்பதில்லை. நிறத்தையோ மின்னோட்டத்தையோ கண்டு சர்க்கரையை உய்த்துணர்கிறது. உய்த்துணர்வில் பிழை புக இடமுண்டு. நுண்குழாயால் 10 மைக்ரோலிட்டர் தெளிநீர் எடுக்க வேண்டிய இடத்தில் 11 மைக்ரோலிட்டர் எடுத்தால், விடை ஏறத்தாழ 10 விழுக்காடு கூடிவிடும். வெப்பநிலை 37 பாகையில் நில்லாவிட்டாலும், விளக்கு பழையதாகி ஒளி மங்கினாலும், மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும், குளிர்பெட்டியில் இருக்க வேண்டிய வேதிக்கரைசல் மின்வெட்டு நேரத்தில் சூடேறினாலும், எண் மாறும். ஆனால் திரை எப்போதும்போல் தெளிவாகவே ஒளிரும்!

முதற்சோதனை: மாறாமை

கருவியைச் சோதிக்க முற்படுவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஒரே பொருளைப் பலமுறை கொடுத்தால் ஒரே விடை தருகிறதா என்பதாகும். ஒரே தெளிநீரை இருபது முறை அளந்து, சராசரியையும் விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதையும் காண வேண்டும். அச்சிதறலைத் திட்ட விலக்கம் என்பர். அதனைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்கினால் மாறுபாட்டுக் கெழு கிடைக்கும். ஒரே நாளில் பார்த்தால் மட்டும் போதாது. நாள்தோறும் பார்த்துவரவும் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குச் செய்வோம். ஒருவருடைய வெறுவயிற்றுச் சர்க்கரையின் உண்மை அளவு 120 மில்லிகிராம் என்று கொள்வோம். நீரிழிவு நோய் என்று கூறுவதற்கான எல்லை 126. கருவியின் திட்ட விலக்கம் 3 ஆனால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை விடை 114க்கும் 126க்கும் இடையில் விழும். திட்ட விலக்கம் 6 ஆனால், விடை 108க்கும் 132க்கும் இடையில் எங்கும் விழலாம். ஆறு முறைக்கு ஒருமுறை அம்மனிதர் நோயாளியாகிவிடுவார்! காலையில் நோயாளி, மாலையில் நோயற்றவர். மாறியது உடல் அன்று, கருவிதான். அறிகுறி இல்லாதவருக்கு ஒரே சோதனையைக் கொண்டு நோய் என்று முடிவு கட்டாமல், மறுநாள் மீண்டும் சோதிக்க வேண்டும் என்று மருத்துவ நெறி கூறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் மருத்துவ வேதியியல் அறிஞர்களும் 2011இல் வகுத்த நெறிப்படி இம்மாறுபாட்டுக் கெழு 2.9 விழுக்காட்டுக்கு மிகலாகாது. 2023இல் அதனை 2.4 ஆகக் குறைத்து இறுக்கினார்கள். நம் எடுத்துக்காட்டின் முதற்கருவிக்குக் கெழு 2.5, பழைய வரம்பில் தேறியது, புதிய வரம்பை ஒட்டி நிற்கிறது. இரண்டாவது கருவிக்கு 5, அது தேறவில்லை.

இரண்டாவது சோதனை: மெய்யோடு ஒட்டுதல்

மாறாத விடை தருவதாலேயே கருவி சரியானது என்று கொள்ளலாகாது. ஒவ்வொரு மூட்டைக்கும் இரண்டு கிலோ குறைத்துக் காட்டும் தராசு மாறாமல்தான் காட்டுகிறது. ஆனால் பொய்யைக் காட்டுகிறது. ஆகவே நம்பத்தகுந்த வேறொரு முறையோடு ஒப்பிட வேண்டும். குறைந்தது நாற்பது பேருடைய இரத்த மாதிரிகளை, மிகக் குறைந்த சர்க்கரை உடையவர் முதல் மிக உயர்ந்தவர் வரை தேர்ந்து, சில நாள்களாகப் பிரித்து, இரண்டு கருவிகளிலும் அளந்து வரைபடம் இடுதல் அறிஞர் கண்ட வழக்கம்.

கருவி எப்போதும் 8 விழுக்காடு குறைத்துக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் 130 உள்ளவருக்கு அது 120 என்று சொல்லும். "உமக்கு நோய் இல்லை" என்று அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவர் சில ஆண்டுகள் கழித்து ஆறாத காற்புண்ணோடும் மங்கிய கண்ணோடும் திரும்பி வருவார். கருவி கூட்டிக் காட்டினாலோ, நோயில்லாதவர் வாழ்நாள் முழுதும் மாத்திரை வாங்குவார். பட்டினியோடு வேலைக்குச் செல்பவருக்கு அம்மாத்திரையால் சர்க்கரை தாழ்ந்து மயக்கமும் வரலாம். மேற்சொன்ன 2023 நெறி இத்தகைய ஒருபக்கச் சாய்வை 2.1 விழுக்காட்டுக்குள்ளும், மொத்தப் பிழையை 6.1 விழுக்காட்டுக்குள்ளும் அடக்கச் சொல்கிறது.

வசதி படைத்தவர் ஐயம் கொண்டால் வேறிடம் சென்று மறுசோதனை செய்துகொள்வார். ஒருநாள் கூலியை இழந்து சோதனைக்கு வந்தவருக்கு அந்த முதல் எண்ணே தீர்ப்பாகிவிடுகிறது. கருவியின் பிழை எல்லோரையும் ஒன்றுபோல் தாக்குவதில்லை. மறுமுறை கேட்க இயலாதவரையே அது மிகுதியாகத் தாக்குகிறது. நம் கழகம் இப்பொருளில் கருத்துச் செலுத்த வேண்டியதன் காரணம் இதுவே.

ஏனைய சோதனைகள்

கருவி எந்த அளவு வரை நேராக அளக்கும் என்பதையும் காண வேண்டும். 400 மில்லிகிராம் உள்ள கரைசலைப் பாதியாக நீர்த்தால் 200, மீண்டும் பாதியாக்கினால் 100, அதன்பின் 50 என்று படிப்படியாக இறங்க வேண்டும். எல்லை கடந்த மாதிரியை நீர்த்து அளந்து, விடையைப் பெருக்கிக்கொள்ள வேண்டும். உயர்ந்த மாதிரியின் எச்சம் அடுத்து வரும் தாழ்ந்த மாதிரியில் கலக்கிறதா என்பதும் பார்க்க வேண்டிய ஒன்று.

இடையூறு செய்யும் பொருள்களும் உண்டு. மஞ்சட்காமாலையுற்ற இரத்தத்தின் பிலிருபினும், மிகுதியாக உண்ட உயிர்ச்சத்து சி-யும் பெராக்சிடேசு முறையில் நிறத்தைக் குறைக்கக்கூடும். இடையூறு எவ்வளவு கொடியது என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. ஒருவகை நொதியைக் கொண்ட குளுக்கோமீட்டர் தாள்கள், மால்ட்டோசு என்னும் வேறொரு சர்க்கரையையும் குளுக்கோசு என்றே எண்ணிவிட்டன. சிறுநீரகம் பழுதாகி வயிற்று வழியே கழிவகற்றும் சிகிச்சை பெற்றவர் சிலருடைய உடலில், சிகிச்சைக் கரைசலிலிருந்து அந்த மால்ட்டோசு தோன்றியது. உண்மையில் சர்க்கரை தாழ்ந்திருந்தும் கருவி உயர்த்திக் காட்டியது, இன்சுலின் செலுத்தப்பட்டது. 1997 முதல் 2009 வரை இத்தகைய தாள்களோடு தொடர்புடைய 13 மரணங்கள் தமக்குத் தெரிவிக்கப்பட்டன என்று அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2009இல் எச்சரித்தது. கருவிகள் பழுதாகி நின்றுவிடவில்லை. நன்றாக ஓடிக்கொண்டே தவறான எண்ணைக் காட்டின.

குழாயும் வழிப்பயணமும்

கருவியைக் குற்றமறச் சோதித்துவிட்டாலும், அதனிடம் வந்துசேரும் இரத்தம் செம்மையாக இருக்க வேண்டும். குழாயில் எடுத்த இரத்தத்தின் அணுக்கள் உயிருள்ளவை. அவை சர்க்கரையை உண்டுகொண்டே இருக்கும். தெளிநீரைப் பிரிக்காமல் அறை வெப்பத்தில் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு சர்க்கரை குறையும். வெயில் மிகுந்தால் விரைவு கூடும். 130 ஆக இருந்தது இரண்டு மணி நேரத்தில் 115ஐ ஒட்டி வந்துவிடும். நோய் குழாயிலேயே மறைந்துவிட்டது!

சாம்பல்நிற மூடியிட்ட குழாயில் உள்ள புளூரைடு இதனைத் தடுக்கிறது. ஆனால் அதன் தடை முழுமையாகப் பற்றுவதற்கு ஒருமணி நேரத்துக்கும் மேலாகிறது. ஆதலின் விரைந்து சுழற்றித் தெளிநீரைப் பிரிப்பதே தலைசிறந்த வழி. உளுந்தூர்பேட்டை, சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில், சென்னையிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இங்கே எடுத்த இரத்தத்தைப் பிரிக்காமல் வெளியூர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால், அங்குள்ள கருவி எத்துணை விலையுயர்ந்ததாயினும் பயன் என்ன? கல்வராயன் மலையூர்களிலிருந்து இறங்கி வரும் குழாய்க்கும் இது பொருந்தும்.

வீட்டுக்கு வரும் குளுக்கோமீட்டரைப் பற்றியும் ஒரு சொல். 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் அரசுத் திட்டத்தால், பெண் தன்னார்வலர்கள் வாயிலுக்கே வந்து சர்க்கரை பார்க்கும் நிலை வந்தது. வரவேற்க வேண்டிய செயல். ஆயினும் அச்சிறு கருவியின் வரம்பை அறிந்துகொள்ளுதல் நல்லது. ஐ.எஸ்.ஓ. 15197 என்னும் 2013ஆம் ஆண்டு உலகத் தரநெறி, 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள அளவுகளில் 15 விழுக்காடு வரை வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறது. அதன்படி உண்மையான 126, கருவியில் 107 எனவும் வரலாம்; 145 எனவும் வரலாம். தாள் டப்பாவை மூடாமல் விட்டால் ஈரமும் வெப்பமும் தாளைக் கெடுக்கும். இரத்தசோகை உள்ளவருக்குப் பல கருவிகள் உயர்த்திக் காட்டும். நம் பெண்கள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். நோய் உள்ளவர் நாள்தோறும் தம் நிலையைப் பார்த்துக்கொள்ளவும், ஊரில் ஐயத்துக்குரியவரைத் தேர்ந்தெடுக்கவும் அது போதும். நோய் உண்டு என்று உறுதி செய்ய நரம்பிலிருந்து எடுத்த இரத்தத்தை ஆய்வுக்கூடத்தில் சோதிக்க வேண்டும்.

நாள்தோறும் காவல்

கருவி வாங்கிய அன்று சோதித்து மாலையிட்டு வைத்தால் போதுமா? போதாது. 1924இல் அமெரிக்கத் தொழிற்சாலைப் பொருள்களின் தரத்தைக் காக்க வால்ட்டர் ஷூஹார்ட்டு ஒரு வரைபடம் கண்டார். அதனை 1950இல் லீவியும் ஜென்னிங்சும் மருத்துவ ஆய்வுக்கூடத்துக்குக் கொணர்ந்தனர். அளவு முன்னமே தெரிந்த கட்டுப்பாட்டுத் தெளிநீரைக் காலைதோறும் நோயாளியின் மாதிரிக்கு முன்பாக அளந்து, ஒரு புள்ளி வைக்க வேண்டும். சராசரி 100, திட்ட விலக்கம் 3 எனில், புள்ளிகள் 94க்கும் 106க்கும் இடையே நிற்றல் வேண்டும். 91க்குக் கீழோ 109க்கு மேலோ சென்றால் அன்றைய விடைகளை வெளியிடலாகாது. பத்துப் புள்ளிகள் தொடர்ந்து ஒரே பக்கம் நின்றாலும் ஏதோ பழுது நேர்கிறது என்று பொருள். இவ்விதிகளை 1981இல் ஜேம்சு வெஸ்டுகார்டு முறைப்படுத்தினார். இதற்கு வேண்டியவை ஒரு கோட்டுத் தாளும், ஒரு பென்சிலும், நேர்மையும் மட்டுமே.

நம் கண்ணுக்கு நம் குறை தெரியாது. பிறர் காட்ட வேண்டும். 1947இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பெல்க்கும் சண்டர்மனும் ஒரே கரைசலைப் பல மருத்துவமனைகளுக்கு அனுப்பிக் கேட்டபோது, வந்த விடைகள் ஒன்றோடொன்று ஒவ்வாமல் சிதறின. அதிலிருந்து பிறந்ததே வெளித்தரச் சோதனை. நம் தமிழ்நாட்டில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவ உயிர்வேதியியல் துறை, இந்திய மருத்துவ உயிர்வேதியியலார் சங்கத்தோடு சேர்ந்து இப்பணியை நடத்தி வருகிறது. நாடெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்களுக்கு உலர்த்திய தெளிநீர் அனுப்பப்படுகிறது. அவை சர்க்கரை முதலியவற்றை அளந்து விடையெழுதுகின்றன. தம் விடை மற்றவர் விடையோடு எங்கே நிற்கிறது என்ற அறிக்கையைப் பெறுகின்றன. சிற்றூரின் ஆய்வுக்கூடமும் பெருநகர ஆய்வுக்கூடமும் அங்கே ஒரே தேர்வை எழுதுகின்றன. ஊரும் பெயரும் பார்க்காமல் விடையை மட்டும் பார்க்கும் தேர்வு நம்மவர்க்கு எவ்வளவு உகந்தது என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இளைஞர்களுக்கு

2019 நவம்பர் 26இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2022 சனவரியில் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி திறந்துவைக்கப்பட்டது. வாய்ப்புகள் அருகில் வந்துள்ளன. ஆய்வுக்கூடப் பணியில் சேரும் தம்பிகளே, தங்கைகளே! பொத்தானை அழுத்துபவர் என்று உங்களைச் சிலர் எண்ணலாம். நீங்கள் அவ்வாறு எண்ணாதீர்கள். கட்டுப்பாட்டுப் புள்ளி எல்லை கடந்த நாளில், கூட்டம் நின்றாலும் உரிமையாளர் விரைவுபடுத்தினாலும், "சரிசெய்த பிறகே விடை தருவேன்" என்று சொல்வது உங்கள் கடமை. அளக்காத புள்ளியை அளந்ததாக எழுதும் கை, முகம் அறியாத ஓர் ஏழையின் காலை வெட்டும் கையாகிவிடலாம்.

சோதனைக்குச் செல்லும் பெரியோர்களே! பணிவோடு ஐந்து கேள்விகள் கேளுங்கள். இரத்தம் எடுத்த குழாய் எது? எவ்வளவு நேரத்தில் பிரிப்பீர்கள்? இங்கேயே அளக்கிறீர்களா, வெளியூருக்கு அனுப்புகிறீர்களா? இன்று கட்டுப்பாட்டுச் சோதனை செய்தாயிற்றா? வெளித்தரச் சோதனையில் பங்குகொள்கிறீர்களா? நல்ல ஆய்வுக்கூடம் இக்கேள்விகளுக்குச் சினம் கொள்ளாது. மகிழ்ந்து ஏட்டை எடுத்துக் காட்டும். உங்கள் சோதனைத் தாள்களை எறிந்துவிடாமல், நாள் வாரியாக ஒரு குறிப்பேட்டில் ஒட்டி வையுங்கள். எழுதத் தெரிந்த பேரப்பிள்ளை வீட்டில் இருக்கும்போது அதற்கென்ன குறை?

கழகத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று. இனி நடத்தும் மருத்துவ முகாம் ஒவ்வொன்றிலும், கருவியைக் கட்டுப்பாட்டுக் கரைசலால் சோதித்த விடையைப் பலகையில் எழுதிவைத்த பிறகே முதல் ஆளை அமர்த்துங்கள். எல்லோரும் காணும் இடத்தில் அது எழுதப்படட்டும். பிறர் தந்த அளவை அப்படியே ஏற்றுக்கொண்ட காலம் நம் முன்னோரோடு போகட்டும். கற்றவர் என்பதற்கு அடையாளம், அளவைக் கேட்டறிவதும், அளப்பவரையும் அளக்கும் கருவியையும் சோதித்தறிவதும் ஆகும். அத்தகைய தலைமுறை ஒன்றை இக்கழகம் உருவாக்கி வருகிறது. பொன்விழா நாளில் அதன் பயனை ஊரே துய்க்கட்டும் என்று வாழ்த்தி அமைகின்றேன்.